‘புகைக் கசிவு’ போதாது: ‘கழிவளிக் கசிவு’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

கார் பழுதுபார்ப்புக் கையேட்டில் எக்சாஸ்ட் லீக் (எஞ்சினில் எரிந்து வெளியேறும் வாயுக்கள் குழாயின் முனைக்குப் போகுமுன் இடையிலேயே கசிதல்) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த ‘புகைக் கசிவு’ எளிய சொல். ‘வாகனப் புகை’, ‘புகைப் பரிசோதனை’ என்று ஏற்கெனவே புழங்குவனவற்றோடு இயல்பாக ஒட்டிக்கொள்கிறது என்பதையும் ஏற்கிறேன். ஆயினும் அந்தச் சொல்லைப் படிப்பவர் புகையைத் தேடுவார் என்பதே என் கவலை. நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சினில் கசிவு ஏற்பட்டால் கண்ணுக்குத் தெரியும் புகை பெரும்பாலும் இராது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதுவோ இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குள் உறங்குபவர், புகை தெரியவில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நம்பிவிடும்படியான சொல்லை நாம் ஆக்கித் தரக்கூடாது.

என் காரிலேயே இதைக் கண்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ‘டிக் டிக்’ என்று ஓசை கேட்கும். சற்றுத் தூரம் ஓடி இரும்பு சூடேறி விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்ள, ஓசையும் அடங்கிவிடும். மெக்கானிக் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து இணைப்புகளின் மேல் சோப்பு நீரைத் தெளித்தார். உடனிருந்த தம்பி பின்குழாயின் வாயைத் துணியால் சில நொடிகள் அழுத்திப் பிடித்தபோது, மூன்றாம் சிலிண்டருக்கு அருகே நுரை குமிழியிட்டது. அங்கே நக அளவுக்குக் கரி படிந்திருந்தது. “மேனிஃபோல்டு பேக்கிங் போயிருக்கு சார்” என்றார் மெக்கானிக். சிலிண்டர்களிலிருந்து வெளியேறும் குழாய்க் கிளைகள் ஒன்றுசேரும் பாகம் மேனிஃபோல்டு; அது எஞ்சினோடு சேருமிடத்தில் கசியாதபடி இடையே வைக்கும் தகடு பேக்கிங். புகை என்ற பேச்சே அங்கு எழவில்லை.

ஆகவே கழிநீர் என்பதைப் போலக் ‘கழிவளி’ என்று அமைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. கழிவளிக் குழாய், கழிவளிக் கசிவு என்று அது தயக்கமின்றித் தொகையாகும்; ‘வெளியேற்று வாயுக் குழாய்’ என்பது அவ்வாறு மடங்கிக் கொடுப்பதில்லை. இலங்கை நண்பர்கள் தங்கள் பாடநூல்களில் வளி என்பது காற்றையே குறிக்கும் என்று சுட்டலாம். அது நியாயமான தடைதான். எனினும் எஞ்சினிலிருந்து வெளிவருவது தனியொரு வாயு அன்று; நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, நீராவி, சிறிதளவு கார்பன் மோனாக்சைடு முதலியன கலந்த கலவை. காற்றும் கலவையே என்பதால் வளி இங்குப் பொருந்தவே செய்கிறது.

மேனிஃபோல்டு குறித்தும் ஒரு சொல். கணிதத்தின் ‘பன்மடி’ இங்கு ஒன்றையும் உணர்த்தாது. சிலிண்டர்களிலிருந்து வரும் கிளைகள் ஒன்றாய்ச் சேர்வதால், பவானியில் ஆறுகள் சேருமிடத்தைக் கூடுதுறை என்கிறோமே, அதன் வழியில் ‘கூடுகுழாய்’ எனலாம். காற்றை உள்ளே பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டோ ‘பகிர்குழாய்’ ஆகிவிடும். ஆங்கிலம் ஒரே பெயரால் அழைக்கும் இரண்டையும் தமிழ் அவற்றின் வேலையைக் கொண்டே பிரித்துக் காட்டுவது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

‘கசிவு’ என்பதில் மட்டும் ஒரு குறை உண்டு. கழிவளி துடிப்புத் துடிப்பாகவே வெளியேறுகிறது. இரு துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் தாழும்போது அதே இடுக்கின் வழியே வெளிக்காற்று உள்ளே இழுபடும். கழிவளியிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் உணரிக்கு முன்னால் இது நேர்ந்தால், எரிபொருள் குறைவு என்று உணரி தவறாகக் கணிக்க, எஞ்சினின் கணினி தேவையின்றிக் கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும். விளக்கப் பகுதியில் இதனை ‘வெளிக்காற்று உட்புகல்’ என்று தனியே குறிப்பிட்டால் போதும். தலைச்சொல்லில் திணிக்க வேண்டியதில்லை.

கையேட்டின் பத்தியை இவ்வாறு திருத்தியுள்ளேன்: “கழிவளிக் கசிவு கூடுகுழாயில் இருப்பின், எஞ்சின் முற்றிலும் ஆறிய பின் துருவேறிய நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயிட்டு ஊறவிட்டுக் கழற்றுக. இருபுறப் பரப்புகளையும் சுத்தம் செய்து, நேர்விளிம்புச் சட்டத்தை வைத்துக் கூடுகுழாய் வளைந்துள்ளதா எனப் பார்த்துப் புதிய பேக்கிங்கைப் பொருத்துக. நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமாக, சிறிது சிறிதாகப் பல சுற்றுகளில் இறுக்குக.”

பேக்கிங் என்பதை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பட்டறையில் வேரூன்றிய சொல் அது. ‘இடைத்தகடு’ என்று எழுதினால் கடைக்காரருக்குப் புரியாது. வேறு கருத்துடையோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.