இங்கிலாந்தில் கைதாகி வழக்கில்லாமல் வெளியே வந்தால், டிஎன்ஏ பதிவு என்னாகும்?

கேள்வி: அண்ணா, லண்டன் வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரே வீட்டில் தங்கியிருந்தவரோடு வாய்ச்சண்டை; நான் அடித்ததாகப் புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் கூட்டிப்போய்க் கைரேகை எடுத்தார்கள், வாயில் பஞ்சுக்குச்சி விட்டுத் தேய்த்தார்கள். இப்போது மேல் நடவடிக்கை இல்லை என்று கடிதம் வந்திருக்கிறது. என் டிஎன்ஏ அங்கேயே கிடக்குமா? அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை.

பதில்: தம்பி, முதலில் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். 2006-ல் எனக்கும் இதே போல் ஆனது. கன்னத்தின் உட்பக்கம் அந்தக் குச்சி உரசியது இன்றும் நினைவிருக்கிறது. வலி ஒன்றுமில்லை, அவமானம்தான். வழக்கே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் அன்றைய சட்டப்படி என் பதிவைக் காலவரையின்றி வைத்திருக்கலாம்.

அதை மாற்றியது ஷெஃபீல்டைச் சேர்ந்த இருவரின் வழக்கு. ஒருவர் கைதானபோது 11 வயதுச் சிறுவன், பின்பு விடுதலையானான். இன்னொருவரான மார்ப்பர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் பதிவை இப்படி வைத்திருப்பது தனிவாழ்வுக்கான உரிமையை மீறுவது என்று, 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அதன்பின் 2012-ல் வந்த சட்டம் 2013 அக்டோபர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இனி உங்கள் விஷயம். வாயிலிருந்து எடுத்த மாதிரியைப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் அழித்துவிட வேண்டும். அதிலிருந்து எடுத்த எண் வரிசைதான் தேசிய டிஎன்ஏ தளத்தில் இருக்கும். சாதாரண அடிதடிப் புகார், முன்பு எந்தத் தண்டனையும் இல்லை, வழக்கும் போடவில்லை என்றால் அதையும் கைரேகையையும் அழித்தாக வேண்டும். காயம் ஏற்படுத்தியது, வீடு புகுந்து திருடியது போன்ற கடுமையான குற்றத்தில் வழக்குப் போட்டு விடுதலையானால் மூன்று வருடம் வைப்பார்கள். நீதிபதி அனுமதித்தால் இன்னும் இரண்டு. இவையெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும். ஸ்காட்லாந்துச் சட்டம் வேறு.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்: டிஎன்ஏ போனாலும், கைதானீர்கள் என்ற குறிப்பு போலீஸ் தேசியக் கணினியில் தங்கிவிடும். உங்களுக்கு 100 வயது ஆகும்வரை வைத்திருப்பது அவர்கள் வழக்கம். அது வேண்டாம் என்றால் நீங்களாகத்தான் கேட்க வேண்டும். ஆக்ரோ என்ற குற்றப்பதிவு அலுவலகம் வழியாகப் 'பதிவு நீக்க' விண்ணப்பம் போடலாம், கட்டணம் கிடையாது. முடிவெடுப்பவர் உங்களைக் கைது செய்த காவல் படையின் தலைவர். குற்றமே நடக்கவில்லை, புகார் பொய், அந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்பது போல ஒரு காரணம் காட்டி, ஆதாரமும் வைக்க வேண்டும். "நான் நல்லவன்" என்று மட்டும் எழுதினால் போதாது. சண்டைக்கு முன்னும் பின்னும் அந்த ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் படமெடுத்து இணையுங்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. ஸ்டேஷனில் 'காஷன்' வாங்கிக்கொண்டால் உடனே வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நான் வாங்கவில்லை. தப்பா?

பதில்: நல்லவேளை, வாங்காமல் விட்டீர்கள்! காஷன் என்றால் ஏதோ எச்சரித்து அனுப்புவது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வது. பெரியவர்கள் வாங்கினால், தண்டனை பெற்றவர் போலவே டிஎன்ஏ காலவரையின்றி இருக்கும். வீட்டில் குழந்தை அழுகிறது, காலையில் ஷிஃப்ட் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஸ்டேஷனில் சாலிசிட்டர், அதாவது வக்கீல், இலவசம், சம்பளம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம், அதற்கும் காசு இல்லை. சாலிசிட்டர் வரும்வரை காத்திருப்பது தப்பே இல்லை.

சரி, இன்றிரவே அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள். அதில் கைது தேதியும் குறிப்பு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், பாஸ்போர்ட் நகலையும் முகவரிச் சான்றையும் சேர்த்து வையுங்கள். காரணம் எழுதும் இடத்தில் சிக்கினால் நீங்கள் எழுதியதை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து திருத்தலாம்.