மூன்று முறை திரும்பி வந்த கதை

அகிலன்: நேற்றிரவு ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ (The Cold Equations) என்ற அறிவியல் புனைகதை படித்தேன். டாம் காட்வின், 1954. தூக்கம் போய்விட்டது. காய்ச்சல் மருந்து ஏற்றிய சிறு விண்கலம். எரிபொருள் ஓர் ஆளின் எடைக்கு மட்டும் அளந்து ஊற்றியது. உள்ளே 18 வயதுப் பெண் ஒருத்தி ஒளிந்திருக்கிறாள். அவளையும் வைத்துக்கொண்டால் கலம் மோதி நொறுங்கும், மருந்துக்குக் காத்திருக்கும் ஆறு பேரும் சாவார்கள். விமானி அவளை வெளியே அனுப்பிவிடுகிறான்.

பெரியப்பா: சரியாகத்தான் செய்திருக்கிறான். ஆறு பெரிதா, ஒன்று பெரிதா? பொறுப்பில் இருப்பவனுக்கு ஈரம் இருக்கலாம், கை நடுங்கக் கூடாது. களை எடுக்காமல் பயிர் விளையாது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார்.

சித்தி: அத்தான், குறளை முழுதாகச் சொல்லுங்கள். ‘கொலையிற் கொடியாரை’ என்றல்லவா தொடங்குகிறது? இந்தப் பெண் அண்ணனைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறியவள். அவள் எந்த ஊர்க் களை?

கயல்: அகிலா, கதவில் என்ன எழுதியிருந்தது என்று பெரியப்பாவுக்குச் சொல்.

அகிலன்: அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்று மட்டும். ஏறினால் உயிர் போகும் என்று இல்லை. அபராதம் கட்டிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கயல்: அதுதான். கதை முழுக்க விமானியின் மனவேதனை. எரிபொருளில் ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்காதவர்களை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. ‘இயற்பியல் விதி’ என்று சொல்லிவிட்டால் எந்த அதிகாரியும் தப்பித்துக்கொள்ளலாம்.

பெரியப்பா: கதையில் வேறு வழி இல்லையே, அம்மா.

கயல்: இருந்தது, பெரியப்பா. காட்வின் அவளைக் காப்பாற்ற ஏதாவது ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டே இருந்தாராம். பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பெல் மூன்று முறை திருப்பி அனுப்பினார், அவள் சாகும்வரை. விதியும் இல்லை, கணக்கும் இல்லை. ஆசிரியர் குழு முடிவு.

சித்தி: 😂

பெரியப்பா: சரி, அதை விடு. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவல் வரிசையில் பேரரசன் லீட்டோ 3,500 ஆண்டுகள் இரும்புக் கையோடு ஆள்கிறான். மனித இனம் அழியாமல் இருக்க அது ஒன்றே வழி. மாக்கியவெல்லியின் ‘தி பிரின்ஸ்’ படித்தவர்களுக்குப் புரியும்.

சித்தி: நானும் படித்திருக்கிறேன். 1513-இல், பதவி போய், சிறையில் வதைபட்டு வெளியே வந்து, ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்திடம் மறுபடி வேலை கிடைக்காதா என்று எழுதிய புத்தகம். அதிலேயே இருக்கிறது: கொடுமை செய்தே ஆக வேண்டுமென்றால் ஒரே வீச்சில் முடித்துவிட வேண்டும், நாளுக்கு நாள் வளர்க்கக் கூடாது. 3,500 ஆண்டுகள் ஒரே வீச்சா, அத்தான்?

பெரியப்பா: அவனுக்கு எதிர்காலம் தெரியும். தெரிந்துதான் செய்கிறான்.

கயல்: அங்கேதான் ஏமாற்று. எதிர்காலம் தெரிந்த ஒருவனைப் படைத்துவிட்டு, ‘பார், கொடுமை நியாயமாகிவிட்டது’ என்றால் எப்படி? நிஜத்தில் அப்படிச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் குருட்டாம்போக்கில்தான் நடக்கிறார்கள். நம்மைப் போலவே.

அகிலன்: ஆனால் ஹெர்பர்ட் அவ்வளவு எளிதாக விடவில்லை, அக்கா. 1969-இல் வந்த இரண்டாம் பாகத்தில், பேரரசனாகிவிட்ட நாயகன் பால் (Paul) தன் பெயரால் நடந்த போரின் கணக்கைத் தானே சொல்கிறான்: 6,100 கோடிப் பேர் சாவு, 90 கிரகங்கள் உயிரற்றுப் போயின. அதற்கு முன் ஹிட்லரைப் பற்றிச் சொல்லும்போது, 60 லட்சம்தானா என்பதுபோலக் கேட்கிறான் ஸ்டில்கர், பாலுடைய பழைய தோழன். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கயல்: அந்த இரண்டாம் பாகத்தை வேண்டாம் என்றவர் யார் தெரியுமா? அதே கேம்பெல். முதல் பாகத்தைத் தொடராக வெளியிட்டவர். நாயகன் கீழே விழுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பெண் சாக வேண்டும், பேரரசன் மட்டும் கசங்கக் கூடாது!

பெரியப்பா: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: நான் படித்துவிட்டேன், அத்தான்.

தாத்தா: காலையிலிருந்து எல்லாவற்றையும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஒரு சந்தேகம். அந்த எழுத்தாளர் மூன்று முறையும் பெண்ணை எப்படியெல்லாம் காப்பாற்றினார்?

அகிலன்: அச்சில் வந்தது கடைசி வடிவம்தான், தாத்தா.

தாத்தா: எனக்கு அந்த மூன்றைத்தான் படிக்க வேண்டும்.

பெரியப்பா: மாமா, கலத்தில் அலமாரிக் கதவு ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே எறிந்தால் எடை எவ்வளவு குறையும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.