சித்தி கடை ஃபிரிட்ஜ்: கேஸ் ஏற்றும் முன் மூடியைக் கழற்றிப் பார்

சித்தி, காலை 6:10
நேற்று அரைத்து வைத்த மாவு பதினான்கு கிலோவும் புளித்துவிட்டது. கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் நான்கு நாளாகவே சரியாகக் குளிரவில்லை, குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகியை 7-க்குக் கூட்டி வைத்தேன், முதல் நாள் பரவாயில்லை, அப்புறம் முன்பைவிட மோசம். மெக்கானிக் போனில் கேட்டதுமே கேஸ் தீர்ந்துவிட்டது, 3,000 ரூபாய் ஆகும், பத்து மணிக்கு வருகிறேன் என்கிறார். அண்ணா, என்ன செய்யட்டும்?

பெரியம்மா, 6:14
ஐயோ, பதினான்கு கிலோவா! பால் பாக்கெட்டையெல்லாம் உடனே எங்கள் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பு, இங்கே இடம் இருக்கிறது.

மாமா, 6:21
அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லும்மா. கேஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது, எங்காவது ஓட்டை விழுந்தால்தான் குறையும், ஓட்டையை அடைக்காமல் ஏற்றினால் அதுவும் போய்விடும். பார்க்காமலே போனில் எப்படிச் சொல்ல முடியும்? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மேல்பக்கம் ஃபேன் இருக்கிற மூடியின் ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கிற காயிலை, அதாவது குளிர் தருகிற குழாய்ச் சுருளை, படம் எடுத்து அனுப்பச் சொல் பையனை.

தம்பி, 6:48
📷 படம்
மாமா, காயிலே தெரியவில்லை, ஒரே பனிக்கட்டி. இரண்டு நாளாக டரடரவென்று சத்தம் கேட்டது, ஃபேன் இறக்கை இதில்தான் உரசியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பெயர்த்துவிடட்டுமா?

மாமா, 6:49
தொடாதே!! கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். காயில் குழாய் மெல்லியது, ஒரு குத்துப் பட்டால் இல்லாத ஓட்டையை நாமே போட்டதாகிவிடும். பின்பக்க லேபிளில் என்ன கேஸ் என்று எழுதியிருக்கும், பார்.

தம்பி, 6:53
ஆர்600ஏ என்று இருக்கிறது.

மாமா, 6:58
அது ஐசோபியூட்டேன், தீப்பிடிக்கும். பக்கத்திலேயே அடுப்பு வைத்திருக்கிறீர்கள், அதனால் இன்னும் கவனம்.
சாமானையெல்லாம் எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டு, எதிரே மேசை ஃபேனை ஓட விடு. கீழே பழைய துணி விரித்துவை. தானாக உருகட்டும், மூன்று நான்கு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

நான், 7:05
மாமா, இவ்வளவு பனி இருந்தும் ஏன் குளிரவில்லை?

மாமா, 7:16
நல்ல கேள்வி மாப்பிள்ளை. காயில் சில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் காற்று அதற்குள் புகுந்து வந்தால்தானே மாவுக்குக் குளிர் போகும், பனி அடைத்த பிறகு ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் பயன் இல்லை. இந்த மாதிரி ஃபிரிட்ஜில் கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடும், உள்ளே இருக்கிற மூன்று நான்கு டிகிரிக் காற்று பட்டே பனி உருகி, குழாய் வழியாகக் கீழே தட்டுக்குப் போய்விடும். திருகியை 7-க்கு வைத்ததும் கம்ப்ரஸருக்கு ஓய்வே இல்லை, உருக நேரமும் இல்லை. குளிரவில்லை என்று திருகியைக் கூட்டக் கூட்டப் பனிதான் ஏறும்.
கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வரிசையில் மட்டும் பனி பிடித்து, மீதிக் காயில் வெறுமனே இருக்கும். இங்கே முழுக்க மூடியிருக்கிறது. ஈரம் எங்கிருந்து வந்தது என்றுதான் பார்க்க வேண்டும். மாவை எப்படி வைக்கிறாய்மா?

சித்தி, 7:31
கிரைண்டரில் இருந்து எடுத்த சூட்டோடு பக்கெட்டில் ஊற்றி அப்படியே உள்ளே வைப்பேன். மூடி போடுவதில்லை, பொங்கி வழிந்துவிடுமே என்று.

மாமா, 7:34
ஒரு காரணம் அதுதான். சூடும் ஈரமும் சேர்ந்து நேராகக் காயிலுக்குப் போகிறது. பாதி அளவு ஊற்றினால் வழியாது, மூடி போட்டு வை. அரைத்ததும் சின்னப் பாத்திரங்களாகப் பிரித்து, தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திச் சூடு தணிந்த பிறகு உள்ளே வை.

பெரியம்மா, 7:40
எங்கள் வீட்டுப் பெட்டி ஃப்ரீசரில் சுவரெல்லாம் பனி, அதற்கும் இதேதானா?

மாமா, 7:42
அதில் கொஞ்சம் பனி இருப்பது வழக்கம்தான் அக்கா. அரை விரல் தடிமன் வந்ததும் அணைத்து உருக்கிவிடுங்கள்.

தம்பி, பகல் 11:20
எல்லாம் உருகிவிட்டது மாமா. தண்ணீர் போகிற ஓட்டையில் மாவு காய்ந்து அடைத்திருந்தது, வெந்நீர் ஊற்றினேன், இறங்குகிறது.

மாமா, 11:24
அருமை. இனி கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழு, நான்கு பக்கமும். பிறகு கீழே கம்ப்ரஸர் பக்கம் இருக்கிற, சூட்டை வெளியே விடுகிற வலையைப் பிரஷ்ஷால் தேய்த்து எடு. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்து, சித்திரை வெயிலில் அந்தச் சூடு வெளியேற வழி வேண்டும்.

தம்பி, 11:52
கீல் பக்கம் கீழே நோட்டு சும்மா வந்துவிடுகிறது, ரப்பர் அங்கே வெடித்திருக்கிறது. வலையில் அரிசிமாவுத் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது!

மாமா, 11:55
வெடித்த ரப்பரை மாற்றத்தான் வேண்டும். ராத்திரி முழுக்க அந்த வழியாக வெளிக்காற்று போய்க்கொண்டே இருந்திருக்கும். திருகியை 4-க்கு வைத்து ஓட விடு. கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும், உடனே போட்டால் கம்ப்ரஸர் திணறும்.

சித்தி, மறுநாள் காலை 5:40
அண்ணா, டம்ளர் தண்ணீரில் வைத்த தெர்மாமீட்டர் 4 காட்டுகிறது! கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுகிறது, மாவும் புளிக்கவில்லை. மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மாமா, 5:58
மனசு நிறைந்தது. 5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூடியைக் கழற்றிப் படம் அனுப்பு, அப்போது பாதிக் காயில் வெறுமனே இருந்தால் கேஸ் பற்றிப் பேசலாம்.

சித்தி, 6:02
சரி அண்ணா. ரப்பருக்கு அளவு கொடுத்துவிட்டேன், நாளை வந்துவிடும்.