மறு: வலைப்பக்கத்தில் இருந்த இடத்திலேயே திருத்துவதை நிறுத்துவதற்கு என்ன தமிழ்ச் சொல்?

> 'திருத்தம் முடக்கல்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

திருவாரூர் ஐயாவுக்கு வணக்கம்.

முடக்கல் வேண்டாம். படிவப் பெட்டிகளைச் செயலிழக்கச் செய்யும் டிசேபிள்டு பண்புக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. முடக்கிய பெட்டியின் மதிப்பு படிவத்தோடு சர்வருக்குப் போகாது. டேப் விசையும் அதில் நிற்காது. நாம் பேசுவது வேறு. நெல் கொள்முதல் பட்டியலில் ஈரப்பதம் 17 என்று தட்டிச் சேமித்தபின் அந்தக் கட்டத்தை யாரும் மாற்றக் கூடாது. ஆனால் எண் தெரிய வேண்டும், நகலெடுக்கவும் வர வேண்டும்.

வலைப்பக்க உறுப்பை அங்கேயே திருத்தவிடுவது கன்டென்ட்எடிட்டபிள் பண்பு. இதற்கு ரிமூவ்அட்ரிபியூட் என்ற நீக்கும் கட்டளை கொடுத்து அந்தப் பண்பையே எடுப்பவர்கள் உண்டு. அதன் மதிப்பை ட்ரூவிலிருந்து (ஆம்) ஃபால்ஸ் (இல்லை) ஆக்குபவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. பட்டியலைச் சுற்றியுள்ள டிவ் என்ற உறையில் இந்தப் பண்பு ட்ரூவாக இருந்தால், பண்பை இழந்த கட்டம் மேலிருந்து திருத்தும் உரிமையை வாங்கிக்கொள்ளும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது வயல்மடை அடைப்பை எடுத்தது போலத்தான். ஃபால்ஸ் என்று எழுதினால்தான் மடை அடைபடும். ஆகவே என் பரிந்துரை: திருத்தமடைப்பு.

— கும்பகோணம்

குடந்தை ஐயா,

விளக்கம் சரி, சொல்லில்தான் இடறுகிறது. பெயராக நிற்கும், வினையாக்கினால் 'திருத்தம் அடை' என்றாகும். 'கட்டம் திருத்தம் அடைந்தது' என்று படிப்பவர் அது திருத்தப்பட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். நேர் எதிர்ப்பொருள்!

'திருத்தப்பூட்டு' என்று முன்பு ஒருவர் சொன்னார். அதுவும் ஆகாது. பூட்டு என்றால் பாதுகாப்பு என்று நம்பிவிடுவார்கள். உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து எவரும் ஃபால்ஸை ட்ரூ ஆக்கலாம். 17ஐ 22 ஆக்கி அனுப்பலாம். மாற்றம் செல்லுமா என்பதை சர்வர்தான் பார்க்க வேண்டும்.

'திருத்தத் தடுப்பு' போதும். தடு, தடுத்த கட்டம், தடுப்பை நீக்கு என்று எல்லா வடிவமும் இயல்பாக வருகிறது. வரையறையில் இவற்றையும் சேர்த்துவிடுங்கள்: தாய் உறுப்பு, அதாவது கட்டத்தைச் சுற்றியுள்ள உறை, திருத்தக்கூடியதாக இருந்தால், தடுத்த கட்டத்துக்குள் தட்ட முடியாதே தவிர, பக்கத்தில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் அடித்தால் கட்டமே மொத்தமாக அழியக்கூடும். சேமித்ததும் தாய் உறுப்பையும் தடுக்க வேண்டும். கர்சர் உள்ளே நின்றால், கவனத்தை விலக்கும் ப்ளர் கட்டளையை அழைத்து வெளியேற்றுவது நல்லது. தடுப்பு விழுந்ததா என்று பார்க்கப் பண்பின் மதிப்பைப் படித்தால் போதாது. உறுப்பைத் திருத்த முடியுமா என்று காட்டும் இஸ்கன்டென்ட்எடிட்டபிள்தான் மேலிருந்து வரும் மரபுரிமையையும் கணக்கில் எடுத்து முடிவைச் சொல்லும்.

பக்கம் முழுவதையும் திருத்தவிடும் டிசைன்மோடை ஆஃப் செய்வது முழு ஆவணத்துக்கும் உரியது. அதற்கு 'ஆவணத் திருத்தத் தடுப்பு' எனலாமா? மற்றவர்களும் சொல்லுங்கள்.

— மன்னார்குடி