1803 வன்னிக் கதைக்கு ஒரு பட்டப்பெயர் வேண்டும்

உறவுகளே, வணக்கம். நான் எழுதும் நாவலில் ஒரு இடத்தில் மாதக்கணக்காக நிற்கிறேன். இலங்கையின் வன்னியை ஆண்ட சிற்றரசன் பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து, ஒக்டோபர் கடைசியில் கற்சிலைமடுவில் அவர்களிடம் தோற்ற பிறகு, காட்டுக்குள் சிதறிய சிலர் இரகசியமாக ஒன்றுசேர்கிறார்கள். இந்தக் கூட்டம் என் கற்பனை. அதன் தலைவரை எப்படி அழைப்பார்கள்?

வன்னியனார் என்பது வன்னிச் சிற்றரசர்களின் பட்டம்; அப்படி அழைத்தால் ஆளே பிடிபட்டுவிடுவார். முதலியார், உடையார் எல்லாம் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் கொடுத்த பதவிகள், இவர்கள் வாயில் வராது. தலைவர் என்று எழுதினால், வன்னியில் வாசிப்பவரின் மனம் வேறொரு காலத்துக்குப் போய்விடும்.

யானை பிடிப்பவர்களைச் சொல்லும் பணிக்கர் என்ற பெயரை யோசித்தேன். ஆனால் மனம் அண்ணாவியாரிடம்தான் நிற்கிறது. கூத்துப் பழக்குபவரைச் சுற்றி இரவில் பத்துப் பேர் கூடினால் யார் சந்தேகப்படுவார்கள்? கோவலன் கூத்து ஆடிய மண் அல்லவா இது.

ஒட்டுசுட்டான், முள்ளியவளை, நெடுங்கேணிப் பக்கத்து உறவுகள் உங்கள் அப்பப்பா, அம்மம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். தேன் எடுக்கவோ வேட்டைக்கோ போகும்போது முன்னே நடப்பவரை என்னவென்று கூப்பிடுவார்கள்? ஒரு சொல் கிடைத்தாலும் எனக்குப் பெரிய உதவி.