பார்பரா ஸ்டான்விக் ஒருமுறைகூட ஆஸ்கர் போட்டியில் ஜெயிக்காதது ஏன்?

மழைச்சாலை கேட்டது:
போன வாரம்தான் 'டபுள் இன்டெம்னிட்டி' பார்த்தேன், 1944-ல் வந்த பில்லி வைல்டர் படம். கணவனைக் கொன்று இன்சூரன்ஸ் பணத்தை எடுக்கத் திட்டம் போடும் மனைவியாக பார்பரா ஸ்டான்விக். கொலை நடப்பது காருக்குள். அவள் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாள், பக்கத்து சீட்டில் கணவன் சாகிறான், கேமரா அவனைக் காட்டவே இல்லை, கடைசிவரை அவள் முகம்தான். இரண்டு நாள் அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. தேடிப் பார்த்தால் நான்கு முறை ஆஸ்கர் பரிந்துரை, நான்கிலும் விருது இல்லை. பிறகு டிவிக்குப் போய்விட்டாராம். சினிமாவில் வாய்ப்பு போனதால் போனாரா? இவருடைய படங்களில் அடுத்து எதைப் பார்க்கலாம்?

பழையசுருள்:
விருது விஷயத்தை முதலில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஸ்டுடியோவும் தன்னிடம் ஒப்பந்தத்தில் இருக்கும் நடிகைக்குத்தான் ஆதரவு திரட்டும். இவர் ஒரே ஸ்டுடியோவில் கட்டுண்டு கிடக்காமல் பல இடங்களில் மாறி மாறி நடித்தவர். அதனால் இவருக்காக இறங்கி வேலை செய்ய யாரும் இல்லை என்பதுதான் பலரும் சொல்லும் காரணம், எனக்கும் அது சரியாகவே படுகிறது. 'ஸ்டெல்லா டல்லாஸ்' படத்துக்குப் பரிந்துரை வந்தபோது விருது லூயிஸ் ரெய்னருக்கு, நீங்கள் பார்த்த படத்துக்கு வந்தபோது இங்ரிட் பெர்க்மனுக்கு. அந்த 1944-ல் அமெரிக்காவிலேயே அதிகம் சம்பாதித்த பெண் இவர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் ஆரம்பம் மிகக் கஷ்டமானது. 1907-ல் புரூக்ளினில் பிறந்தார், இயற்பெயர் ரூபி ஸ்டீவன்ஸ். நான்கு வயதில் அம்மா இறந்துவிட்டார், குடிபோதையில் இருந்த ஒருவன் தள்ளியதில் டிராமிலிருந்து விழுந்து. கொஞ்ச நாளில் அப்பா பனாமா கால்வாய் வேலைக்கென்று கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. அக்கா வீடு, அப்புறம் யார் யார் வீட்டிலோ வளர்ப்புப் பிள்ளையாக. பதினைந்து பதினாறு வயதிலேயே மேடையில் நடனக் குழுவில் ஆடிச் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டார். திரையில் அவர் பேசும்போது ஒரு பெண் தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்ட உறுதி தெரியும், அது நடிப்பு மட்டும் இல்லை என்று நான் நினைக்கிறேன்.

கறுப்புவெள்ளை:
டிவிக்குப் போனதைச் சரிவு என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஐம்பது வயதை நெருங்கும் பெண்ணுக்கு ஹாலிவுட்டில் நல்ல வேடம் குறைந்தது உண்மைதான். ஆனால் அதே வயதில்தான் 'ஃபார்ட்டி கன்ஸ்' படத்தில் குதிரை தன்னைத் தரையில் இழுத்துக்கொண்டு ஓடும் காட்சியை டூப் போடாமல் தானே செய்தார். டிவியில் 1960-ல் தொடங்கிய முதல் தொடர் ஒரே ஆண்டில் நின்றது, நின்ற தொடருக்கே எம்மி, அதாவது டிவிக்கான பெரிய அமெரிக்க விருது, வாங்கினார். அதன்பின் 'தி பிக் வேலி', 1965 முதல் 1969 வரை, 112 எபிசோடுகள். கலிபோர்னியாவில் பெரிய பண்ணையை நடத்தும் விதவைத் தாய். வளர்ந்த மகன்கள் இருந்தும் முடிவெடுப்பது அவள், துப்பாக்கி எடுப்பதும் அவள். அன்றைய அமெரிக்க டிவியில் இப்படி ஒரு அம்மாவை நடுவில் வைத்த கௌபாய்த் தொடர் அபூர்வம். அதற்கும் எம்மி. 1983-ல், 76 வயதில், 'தி தார்ன் பேர்ட்ஸ்' தொடருக்கு மூன்றாவது எம்மி. அதை வாங்க மேடையேறியவர் தன்னோடு போட்டியில் இருந்த ஆன்-மார்கரெட்டின் நடிப்பைப் பாராட்டிப் பேசினார்.

பழையசுருள்:
ஆமாம், அவர் குணமே அதுதான். 1939-ல் வில்லியம் ஹோல்டன் புதுமுகம், 'கோல்டன் பாய்' படத்திலிருந்து அவரைத் தூக்கிவிடப் பார்த்தார்கள். ஸ்டான்விக் விடவில்லை, அவருக்காகப் பேசி, கூடவே உட்கார்ந்து வசனம் பழக்கினார். 1978 ஆஸ்கர் மேடையில் இருவரும் சேர்ந்து விருது கொடுக்க வந்தபோது ஹோல்டன் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு எல்லார் முன்னும் அதற்கு நன்றி சொன்னார். 1981-ல் ஹோல்டன் இறந்துவிட, அடுத்த ஆண்டு ஸ்டான்விக்குக் கௌரவ ஆஸ்கர் வந்தது. இவருக்கு ஆஸ்கர் கிடைக்க வேண்டும் என்பது ஹோல்டனின் ஆசையாக இருந்ததாம், அது நிறைவேறிவிட்டது என்று மேடையிலேயே அவரை நினைத்துச் சொன்னார்.

படம் கேட்டீர்களே, 'தி லேடி ஈவ்' பாருங்கள். 1941, சீட்டாட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கும் பெண்ணாக வருவார், நகைச்சுவை. நீங்கள் பார்த்த அதே ஆளா என்று சந்தேகம் வரும்.

கறுப்புவெள்ளை:
நான் 'ஸ்டெல்லா டல்லாஸ்' என்பேன். ஒன்று சொல்கிறேன், பார்க்கும்போது உதவும். இயக்குநர் ஃபிராங்க் காப்ரா இவரை வைத்து வேறு படங்கள் எடுக்கும்போது முதல் டேக்தான் உயிரோடு இருக்கிறது, திரும்பத் திரும்ப எடுத்தால் வற்றிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அதனால் மற்றவர்களை மட்டும் ஒத்திகை பார்க்க வைத்து, பல கேமராக்களை ஓடவிட்டு, முதல் முறையிலேயே பிடித்துக்கொள்வாராம்.

மழைச்சாலை:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு 'ஸ்டெல்லா டல்லாஸ்' பார்த்தேன். மகளின் கல்யாணத்தைத் தெருவில் மழையில் நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், போலீஸ்காரர் நகரச் சொல்கிறார், இன்னும் ஒரு நிமிடம் என்று கெஞ்சுகிறாள், கைக்குட்டை வாயில். இனி ஞாயிற்றுக்கிழமை 'தி லேடி ஈவ்'.