‘பகுப்புமுறிவு’ என்னும் சொல்லை ஏன் முன்வைக்கிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

செல் பகுப்பு பிழைபடும்போது நிகழும் மைட்டாட்டிக் கேட்டாஸ்ட்ரஃபி (mitotic catastrophe) என்பதை நம் சொற்பட்டியலுக்காகத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திருவாரூர் ஆசிரியை அம்மா கேட்டிருந்தார்கள். ‘பகுப்புப் பேரழிவு’, ‘பிழைப்பகுப்பு மடிவு’, ‘கலவன் நீக்கம்’ என மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. கல்லூரியில் தாவரவியல் கற்பித்த காலமெல்லாம் வெங்காய வேர்நுனியில் செல் பகுப்பைக் காட்டி வந்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். மனிதச் செல் ஒன்று பகுப்படைந்து இரண்டாகும்போது, இரட்டித்த 46 குரோமோசோம்களும் நடுவில் வரிசையாக நிற்க, இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர்கோல் இழைகள், அதாவது குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்ணிழைகள், ஒவ்வொன்றையும் இருபுறமும் பற்றிக்கொள்கின்றன. ஒரே ஒரு குரோமோசோம் பற்றப்படாமல் நின்றாலும் செல் பிரியாமல் காத்திருக்கும். காத்திருந்தும் கோளாறு சரியாகவில்லையென்றால், செல் அந்த நிலையிலேயே மடியலாம். அல்லது பிரியாமலே பகுப்பிலிருந்து நழுவி, 92 குரோமோசோம்களோடு வெளியே வந்தபின் மடியலாம். அதுவும் இல்லையென்றால், உயிரோடு இருந்தும் இனி ஒருபோதும் பகுப்படையாத முதுமை நிலையை அடையலாம். பிழைபட்ட பகுப்பு இப்படி மடிவுக்கோ முதுமைக்கோ இட்டுச்செல்வதைத்தான் மைட்டாட்டிக் கேட்டாஸ்ட்ரஃபி என்கிறார்கள். நழுவி வந்த செல்லைத் தடுத்து நிறுத்துவதில் பி53 என்னும் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் அந்தப் புரதத்தின் மரபணு பழுதுபட்டிருக்கிறது. தடுப்பாரில்லாத அத்தகைய செல் மீண்டும் பகுப்படைந்தால், குரோமோசோம்கள் கூடியும் குறைந்தும் உள்ள சேய்ச் செல்கள் பிறக்கின்றன. புற்றுக்கு வழி அங்கேதான் திறக்கிறது. பிறழ்ந்த பகுப்புக்கும் புற்றுக்கும் இப்படியோர் உறவு இருக்கக்கூடும் என்று ஜெர்மானிய உயிரியலாளர் தியோடோர் போவெரி 1914-லேயே எழுதிவிட்டார்.

இப்போது ‘பேரழிவு’க்கு வருகிறேன். அது நேர்மொழிபெயர்ப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பெயர் பிறந்த இடத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1980களில் ஆங்கிலேய உயிரியலாளர் பால் நர்ஸின் ஆய்வுக்கூடத்தில், நடுவில் பிளந்து இரண்டாகும் பிளவு ஈஸ்ட்டின் செல்கள் தக்க நேரம் வருமுன்னரே பகுப்புக்குள் தள்ளப்பட்டு மடிந்தன. செல் ஒன்றே உயிராக வாழும் ஈஸ்ட்டுக்கு அது உண்மையிலேயே பேரழிவுதான். கோடானுகோடிச் செல்கள் சேர்ந்து வாழும் நம் உடலிலோ, பிறழ்ந்த செல் ஒன்று விலகுவது மற்றவற்றுக்குக் காப்பாகிறது. செல் இறப்புக்கான பெயரிடு குழுவும், இது தனியோர் இறப்பு வகையாகாது, இறப்புக்கோ முதுமைக்கோ இட்டுச்செல்லும் புற்றுத் தடுப்பு முறை என்றே 2012-இல் வரையறுத்தது. உடலைக் காக்கும் ஒன்றுக்குப் பேரழிவு என்று பெயரிட்டால், படிக்கும் பிள்ளை முதல் வரியிலேயே பொருளைத் தலைகீழாக வாங்கிக்கொள்ளும்.

‘பிழைப்பகுப்பு மடிவு’ செவிக்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் அது முடிவுகளில் ஒன்றை மட்டுமே சொல்கிறது. வேதாரண்யம் பக்கம் பயிராகும் கண்வலிக்கிழங்கில், அதாவது நம் செங்காந்தளில், கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. கதிர்கோல் இழைகள் உருவாகாமல் தடுப்பது அதன் வேலை. அதன் கரைசலில் ஊறிய வெங்காய வேர்நுனியை அசிட்டோகார்மைன் சாயமிட்டு நசுக்கி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் வரிசையாக நிற்க வேண்டிய குரோமோசோம்கள், முடி அவிழ்ந்து சேற்றில் விழுந்த நாற்றைப் போலச் சிதறிக் கிடக்கும். ஆனால் அந்த வெங்காயச் செல்கள் பல மடிவதில்லை. இரட்டை மடங்குக் குரோமோசோம்களோடு வாழ்கின்றன. பகுப்பு கெட்டால் மடிவு தவறாமல் வரும் என்று சொல்லிலேயே எழுதிவைப்பது சரியில்லை என்பதற்கு அந்த ஒரு கண்ணாடித்தகடே எனக்குப் போதும்.

‘கலவன் நீக்கம்’ என்பதைத் தந்த நண்பருக்கு என் மனமார்ந்த நன்றி. ஆடுதுறை நெல் ரகங்களுக்கு விதைப்பண்ணை போட்ட வயல்களில், கதிர் வெளிவந்ததும் உயரத்திலோ நிறத்திலோ வேறுபட்ட பயிரை, அதாவது கலவனை, ஆட்கள் வரப்பிலிருந்து இறங்கி வேரோடு பிடுங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அச்சொல்லின் அருமை தெரியும். ஆனால் அங்கே கலவனைப் பிடுங்குபவர் வேறு, பிடுங்கப்படும் பயிர் வேறு. இங்கே செல் தன் குறையைத் தானே உணர்ந்து தானே விலகுகிறது. இந்த வேறுபாடு மிக அடிப்படையானது. விதைத்துறையில் நிலைத்துவிட்ட சொல்லை இங்கே கொண்டுவருவதும் குழப்பத்தையே தரும்.

எனவே ‘பகுப்புமுறிவு’ என்பதை முன்வைக்கிறேன். பிரிவு என்பதற்குத் துறை, பிரிந்திருத்தல் என்று வேறு பொருள்களும் இருப்பதால் பகுப்பு என்றே கொள்கிறேன். பேச்சு முறிந்தது என்கிறோம்; தொடங்கிய ஒன்று நிறைவேறாமல் இடையில் நின்றதை அச்சொல் தெளிவாகக் காட்டுகிறது. நச்சுமுறி என்னும்போது அதே வேர் தீங்கைத் தடுப்பதையும் குறிக்கிறது. நடப்பும் காப்பும் ஆகிய இரண்டையும் தாங்கும் வேர் நம் மொழியிலேயே இருக்கும்போது அதைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. முடிவைக் குறிக்க வேண்டிய இடத்தில் பகுப்புமுறிவு மடிவு, பகுப்புமுறிவு முதுமை என்று நீட்டிக்கொள்ளலாம்.

ஒரு தடை இருப்பதை மறைக்கவில்லை. மரபியலில் ‘குரோமோசோம் முறிவு’ என்பது ஏற்கெனவே வழங்குகிறது. அங்கே முறிவது குரோமோசோம், இங்கே முறிவது பகுப்பு என்பதால், ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதினால் மயக்கம் வராது என்று நம்புகிறேன்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘நித்தியகல்யாணியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின், கதிர்கோல் இழைகள் உருவாவதைத் தடுத்து, இரத்தப் புற்றுச் செல்களில் பகுப்புமுறிவைத் தூண்டுகிறது.’ இடுகாட்டு ஓரத்தில் தானாகப் பூத்துக் கிடக்கும் செடியைப் பற்றிய இந்த வாக்கியம் எங்கும் தடுக்கவில்லை. ‘பேரழிவைத் தூண்டுகிறது’ என்று மாற்றிப் படித்தால், மருந்து நோயாளிக்கே கேடு செய்வதுபோல் ஒலிக்கிறது.

இதோடு தொடர்புள்ள இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செல் தன்னைத்தானே ஒழுங்காக மடித்துக்கொள்ளும் நிகழ்வுக்கு அப்போப்டோசிஸ் என்னும் பெயரை 1972-இல் கெர், வில்லி, கரி மூவரும் இட்டபோது, இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் கிரேக்கப் பேராசிரியர் ஒருவர். தமிழில் ‘வீ’ என்பது உதிரும் மலரையும் குறிக்கும், மடிதலையும் குறிக்கும். அப்போப்டோசிஸுக்கு நாம் வழங்கும் ‘தன்மடிவு’ என்பதை மாற்றச் சொல்லவில்லை. இவ்வளவு பொருத்தமான வேர் நம்மிடம் இருந்தும் கவனிக்காமல் விட்டோமே என்ற ஆதங்கத்தில் சொல்கிறேன்.

சொற்பட்டியலுக்கான விளக்கமாக இதைத் தருகிறேன்: ‘பகுப்புமுறிவு: செல் பகுப்பு பிழைபடும்போது, செல் அதை உணர்ந்து, மடிவையோ முதுமையையோ நோக்கிச் செல்லும் புற்றுத்தடுப்பு நிகழ்வு.’ ஆசிரியை அம்மா இதை வகுப்பில் ஒருமுறை பயன்படுத்திப் பார்த்து, பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று எழுதினால், அதற்கேற்பத் திருத்திக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
மயிலாடுதுறையிலிருந்து